தொற்றுபவர்களுக்கான இடம்

குந்தியாவா ஊரில் காப்பி மூட்டைகளை ஏற்றி முடித்ததும், லாரியின் பின்மூலையில் போமாய் வழக்கம்போல் அரை டன்னுக்கு இடம் விட்டிருந்தான். தவுலோ கணவாயில் வண்டி நத்தையாக ஊரும். வழியில் நிற்பவர்கள் ஓடிவந்து தொற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காக எல்லா ஓட்டுநர்களும் விடும் இடம் அது.

"கதவுல பதினஞ்சு டன்னு எழுதியிருக்கு மச்சான். நாம பத்துகூட ஏத்தலையே," என்றான் காவ்பா, போமாயின் மனைவிக்குத் தம்பி.

"அது வண்டியோட சேத்துடா. வண்டியே அஞ்சு டன்னு. டீசல், நான், உன் தொந்தி, எல்லாம் அந்தப் பதினஞ்சுக்குள்ளதான்."

"என் தொந்திக்குத் தனி லாரி புடி."

போமாய் தேநீர் குடிக்கப் போனான். அந்த நேரத்தில் காவ்பா தன் சொந்த மூட்டைகளை மூலையில் அடைத்து, தார்பாயை இழுத்துக் கட்டி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

பாதி மலையில் மூடுபனி இறங்கியது. ஈரமண் வாசனையோடு, அறுத்த பன்றியின் வாசனையும் கலந்து வந்தது. போன மழைக்காலத்தில் பாரம் தாங்காத லாரி ஒன்று உருண்ட வளைவு அது. தொற்றியிருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

வண்டி தாழ்ந்தது.

யாரோ ஏறியதுபோல் ஒரு குலுக்கல். இன்னொன்று. ஸ்பிரிங் பட்டைகள் முனகின.

"யாருடா ஏறுறது?" ஜன்னல் வழியே கத்தினான் போமாய்.

"ஒருத்தரும் இல்ல மச்சான். ஆனா தார்பாய் குழியுது. ஆள் உக்காந்தா குழியுமே, அப்படி."

"எங்க?"

"என்னைச் சுத்தி."

மறுபடி ஒரு குலுக்கல். காவ்பாவின் குரல் தணிந்தது.

"தள்ளி உக்காருங்கறாங்க. எங்க மச்சான் தள்றது?"

"மூலையில இடம் இருக்கேடா!"

"அதுல என் மூட்டை இருக்கு."

இந்த ஏற்றத்தில் நிறுத்தினால் இவ்வளவு பாரத்தைப் பிரேக் தாங்காது. வண்டி பின்னால் உருளும். நிறுத்தாவிட்டால் காவ்பா...

"தூக்கி எறிடா எல்லாத்தையும்!"

ஒரு மூட்டை பக்கக் கண்ணாடியை உரசிப் பறந்து பாறையில் வெடித்தது. அடுத்து இன்னொன்று.

"நான் எறியல மச்சான்!"

மூன்றாவதாகப் பறந்து வந்தது மூட்டையல்ல.

தோளோடு பிய்ந்த கை. விரல்கள் இன்னும் அறுந்த தார்பாய்க் கயிற்றை இறுக்கியிருந்தன.

அலறலோடு காவ்பாவும் சாலையில் விழுந்தான். பக்கக் கண்ணாடியில் தெரிந்தான்: ஒற்றைக் கையை ஊன்றி, ரத்தத்தில் வழுக்கி, வண்டியை நோக்கித் தவழ்ந்து வந்தான்.

போமாய் பிரேக்கை மிதித்தான். வண்டி ஒரு கணம் நின்றது. மேலே இன்னொரு குலுக்கல்.

லாரி பின்னால் நகரத் தொடங்கியது.

"விலகுடா! காவ்பா, விலகு!"

இரண்டு கால்களாலும் மிதித்தான். கைப்பிரேக்கைப் பிடுங்கிவிடுவதுபோல் இழுத்தான். சக்கரங்கள் நிற்கவில்லை. பின்னால் தேங்காய் உடைவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

பிறகு வண்டி நின்றுவிட்டது. சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்ததுபோல், அசையாமல்.

போமாய் கீழே இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் முகம் புதைத்து, அவன் அக்காளிடம் என்ன சொல்வேன் என்று அரற்றினான்.

தலைக்கு மேலே, கூரைத் தகரத்தில், இரண்டு தட்டு.

எல்லாரும் ஏறியாயிற்று, வண்டியை எடு என்று பின்னால் இருப்பவர்கள் தட்டுவார்களே, அந்தத் தட்டு.

அவன் அசையவில்லை.

மறுபடியும் தட்டினார்கள். இந்தமுறை கூரை நசுங்கியது.