மூன்றாவது கமரா

தில்லைநாயகி மழை அங்கியைக் கழற்றவில்லை. கொண்டுவந்த துணிப்பையை மேசையில் வைத்தார். சுவிசில், எம்மன்புரூக்கேயில் இருந்த ஜெனுசனின் சின்னத் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காப்புறுதித் தகராறோடு வருவார்கள். இவர் கணவரைத் தேடி வந்திருந்தார்.

கணவர் நித்தியானந்தன் ஒரு விடுதியில் சமையல்காரர். இலையுதிர் காலம் முழுக்க மானிறைச்சி சமைத்துச் சமைத்து, அந்த மான் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனவர், வேட்டைப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து, என்ட்லிபுக் மலைக்காட்டில் ஒரு வேட்டைச் சங்கத்திலும் சேர்ந்துகொண்டார். ஒக்டோபரில் ஒரு மாலை மலைக்குப் போனார், திரும்பவில்லை. அவருடைய கார் காட்டோரத்தில் நின்றது. மரமொன்றில் கட்டியிருந்த கமராவில், அன்றிரவுத் திகதியோடு, அவர் பள்ளத்தாக்குப் பாதையில் இறங்கிப் போகும் படம் இருந்தது. பாதை முடிகிற இடத்தில் ஆறு. பொலிசார் ஆற்றையும் வடக்குச் சரிவையும் தேடினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். இப்போது டிசெம்பர். மேலே பனி விழத் தொடங்கியிருந்தது.

"அவர் உயிரோட வருவார் எண்டு நான் நினைக்கேல்லைத் தம்பி," என்றார் தில்லைநாயகி. "ஆளை எடுத்துத் தந்தால் காணும். காலமை எழும்பிக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு, பொட்டை வைக்கிறதோ விடுறதோ எண்டு யோசிக்கிறன். செத்தவீடும் செய்யேலாது, சும்மாவும் இருக்கேலாது."

ஜெனுசன் தலையசைத்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. மனைவி இறந்து இரண்டாவது குளிர்காலம் இது. அவனுக்கு ஒரு பிடி சாம்பலாவது கிடைத்திருந்தது. அதை அவன் சொல்லவில்லை.

கமராவை மரத்திலிருந்து கழற்றிப் பொலிசிடம் கொடுத்தவர் யார் என்று கேட்டான். தயாபரன் என்றார் அவர். அதே விடுதியில் சாமான் ஏற்றும் வான் ஓட்டுபவர், குடும்ப நண்பர். ஒக்டோபர் தொடக்கத்தில் நித்தியானந்தன் அதைக் கட்டும்போது கூடப் போனாராம். அதனால்தான் மரம் தெரிந்ததாம். பொலிஸ் படத்தைப் பிரதி எடுத்துவிட்டுக் கமராவைத் தில்லைநாயகியிடமே திருப்பித் தந்திருந்தது. பொலிஸ் நிறுத்திய பிறகும், ஞாயிறுகளில் தமிழ் ஆட்களைச் சேர்த்து ஆற்றங்கரையில் தேடுவது தயாபரன்தான்.

"உங்கட மனுசனுக்கு ஏதும் கவலை இருந்ததோ அக்கா?"

ஏப்ரலில் இருந்து நித்திரை இல்லை என்றார். அந்தக் காட்டு வீதியில் ஒரு கிழவரை வாகனம் அடித்துவிட்டு நிற்காமல் போனது, அடித்தவர் அகப்படவில்லை. அந்தக் கிழமைக்குப் பிறகு மனிதர் வாய் திறப்பதே குறைந்துவிட்டது. கிழவர் தெரிந்த முகம், பாவம் என்று யோசிக்கிறாராக்கும் என்று தில்லைநாயகி விட்டுவிட்டார்.

யதுஷா அதற்குள் மடிக்கணினியில் மெமரி காட்டைப் போட்டிருந்தாள். அவள் சட்டம் படிப்பவள்; பயிற்சிக்காக இங்கே வேலை செய்தாள். எந்த வழக்கிலும் முதல் பத்து நிமிடத்துக்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள். பெரும்பாலும் பிழையான ஆளை.

மெமரி காட்டில் மூன்றே படங்கள், தொடர்ச்சியான இலக்கங்களோடு. இரவில் எடுத்தவை, அதனால் எல்லாம் கறுப்பு வெள்ளை. மரத்து இலையும் சாம்பல் நிறம். முதலாவதில் ஒரு பெரிய ஆண்மான். கொம்புகள் தடித்து, நுனி மழுங்கி, பஞ்சு சுற்றிய தடிபோல் இருந்தன. இரண்டாவதில் நித்தியானந்தன், நெஞ்சு மட்டத்தில், பாதையின் நடுவே. கமராவை அவர் பார்க்கவில்லை. மூன்றாவதில் ஒரு பெண்மானும் குட்டியும். குட்டியின் முதுகில் வெள்ளைப் புள்ளிகள்.

"புள்ளிமான்," என்றாள் யதுஷா. "சுவிசில கூட இருக்கே?"

ஜெனுசன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பையில் இருந்தவற்றை எடுத்தான். மூன்று கமராக்கள். இரண்டு பழையவை, நித்தியானந்தன் கடையில் நின்று ஆராய்ந்து வாங்கியவை. மூன்றாவது, மரத்தில் இருந்தது; அதை அவர் எப்போது வாங்கினார் என்று தில்லைநாயகிக்குத் தெரியாது. ஜெனுசன் யன்னல் மறைப்பை இறக்கி, விளக்கை அணைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் கையை ஆட்டினான். பழையவை இரண்டும் படமெடுக்கையில் தணல்போல் மங்கலாகச் சிவந்தன. மூன்றாவது படமெடுத்தது, ஆனால் ஒரு பொட்டு வெளிச்சமும் தெரியவில்லை.

"இப்பிடி வெளிச்சம் தெரியாததை அவர் விரும்பினவரோ?"

"இல்லைத் தம்பி. அது கள்ளர் பிடிக்கிறவைக்கு எண்டுவார். வெளிச்சம் குறைய, தூரத்தில நிக்கிறது படத்தில விழாது. மான் அந்தச் சிவப்பைப் பெரிசா எடுக்காது, எனக்குப் புல்வெளி முழுக்கத் தெரியவேணும் எண்டு சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்கே பாடம்."

அடுத்த நாள் இருவரும் மலைக்குப் போனார்கள். புல்வெளியோரம் நித்தியானந்தன் தன் கமராக்களைக் கட்டியிருந்த மரங்களில் பட்டி உரசிய அடையாளம் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. மானின் உடம்பு வரும் உயரம். பள்ளத்தாக்குப் பாதையில் அடையாளம் மனிதனின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. வேறொரு வேட்டைக்காரன் தவறுதலாகச் சுட்டிருப்பான் என்று யதுஷா திரும்பும் வழியெல்லாம் நிரூபித்தாள். ஜெனுசன் மறுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் தயாபரனை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லித் தில்லைநாயகிக்குத் தொலைபேசி எடுத்தான்.

தயாபரன் பாணும் பாலும் வாங்கிக்கொண்டு வந்தார். உரிமையோடு குசினியில் வைத்துவிட்டு வந்து இருந்தார். ஐம்பதை நெருங்கும், களைத்த முகம். நாளைக்கு ஆற்றுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குச் சொன்னார்.

"அண்ணை வன்னியெல்லோ?" என்று கேட்டான் ஜெனுசன். "மான் கண்டிருப்பீங்கள்."

"கண்டதோ? சின்னனில வேட்டைக்கே போனனாங்கள். எங்கட மானைப் பாத்தவனுக்கு உதுகள் மாடு தம்பி."

"அங்க எந்த மாதம் கொம்பு விழும்?"

"மாதமோ? எப்ப போனாலும் ஒண்டு கொம்போட நிக்கும், ஒண்டு மொட்டையா நிக்கும்."

ஜெனுசன் மூன்று படங்களையும் மேசையில் வரிசையாக வைத்தான்.

"நான் முந்திக் காப்புறுதிக் கொம்பனியில இருந்தனான். மான் அடிச்சுக் கார் உடைஞ்சது எண்டு பொய் சொல்லுறவையைப் பிடிக்கிறது வேலை. அதில மானையும் படிக்கவேண்டி வந்தது. இஞ்சத்தை பெரிய மான் குளிர் முடியக் கொம்பைப் போட்டிடும். புதுசு வளரேக்க மேல தோல் மூடியிருக்கும். ஓகஸ்ட் முடியிறதுக்குள்ள மரத்தில தேச்சு உரிச்சிடும். ஒக்டோபரில கொம்பு கூரா, வெறும் எலும்பா இருக்கும். இதைப் பாருங்கோ, பஞ்சு சுத்தினமாதிரி. குட்டிக்குப் புள்ளியும் கோடையில மட்டும்தான். வன்னி மான் சாகுமட்டும் புள்ளியோட திரியும், இது அப்பிடியில்லை. இது யூன் மாதத்துப் படம் அண்ணை."

"திகதி கிடக்கே," என்றார் தயாபரன்.

"கமராவுக்குத் திகதி சொல்லிக் குடுக்கிறது ஆள். நாலு மாதத்தை முன்னுக்குத் தள்ளினால் அது கேள்வி கேக்காது."

மான் படங்களை ஏன் அழிக்கவில்லை என்று யதுஷா கேட்டாள். நடுவில் இலக்கம் விட்டுப்போயிருந்தால் பொலிஸ் கேட்டிருக்கும் என்றான் ஜெனுசன். அதோடு, அழிக்க வேண்டிய எதுவும் அவற்றில் இருப்பதாக இவருக்குத் தோன்றவில்லை. பகல் படமென்றால் இலையின் நிறம் காட்டிக்கொடுக்கும். அதை யோசித்து இரவைத் தெரிந்தெடுத்தவர், மானைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

"கமரா நித்தியண்ணையின்ர இல்லை. அவர் இப்பிடியொண்டு வாங்கமாட்டார், இந்த உயரத்தில கட்டவும் மாட்டார். இது மனிசனைப் பிடிக்கிற கமரா. ஒக்டோபரில அவர் கட்டேக்க கூட நிண்டனான் எண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான். திகதியை முதலே குறிச்சாச்சு. அந்த நாளுக்கு ஆளை மலைக்குக் கூப்பிட்டால் சரி. படம் இறங்கிற பக்கம் ஆறு. அப்ப ஆள் ஆத்துப் பக்கம் இல்லை. ஏன் செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. எங்க எண்டு சொல்லுங்கோ."

தயாபரன் இரண்டாவது படத்தைக் கையில் எடுத்தார். வைத்தார்.

பிறகு சொன்னார், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. ஏப்ரலில் கிழவரை அடித்தது அவருடைய வான். நிற்கவில்லை. வீதியோரப் புல்வெளியில் மானுக்குக் கட்டியிருந்த நித்தியானந்தனின் கமராவில் வான் படமாக விழுந்துவிட்டது. நித்தியானந்தன் பொலிசுக்குப் போகவில்லை. படத்தைக் கொண்டுவந்து காட்டி, நீயாகப் போய்ச் சொல் என்றார். விசா போய்விடும், மகளின் பரீட்சை முடியட்டும் என்று தயாபரன் காலைப் பிடித்தார். இலையுதிர் காலம் வரைக்கும் என்று தவணை கிடைத்தது.

"அவன் தவணை தந்து, மற்றக் கிழமை நான் கமரா வாங்கினன்," என்றார்.

யதுஷா எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். அவள் சுவிஸ் ஜேர்மனில் பொலிசோடு பேசுவது கேட்டது. தயாபரனுக்கும் கேட்டது. அவர் அசையவில்லை. மேலே, சதுப்பு நிலத்துக்கு அப்பால், கைவிட்ட மாட்டுக்கொட்டிலின் பின்னால் என்று இடத்தைச் சொன்னார்.

"கிழமைக்குக் கிழமை எங்களோட வந்தனீங்களே தயாண்ணை," என்றார் தில்லைநாயகி.

"ஒருதரும் மேல ஏறாமல் பாக்கவேணுமெல்லோ தங்கச்சி."

தில்லைநாயகி ஏதோ கணக்குப் பார்ப்பவர்போல் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலை எந்தப் பக்கம்?"

"தெற்கை," என்றார் தயாபரன். "தெற்கை வைச்சுத்தான் மூடினனான்."

தில்லைநாயகி கதிரையை விட்டு இறங்கி, செத்தவீட்டில் இருப்பதுபோல நிலத்தில் இருந்தார்.