பதில் போட்ட ஒரே ஏஜெண்ட்

இந்தக் காலத்தில் எவனும் எதற்கும் பதில் சொல்வதில்லை. கேட்டால் காதில் விழாத மாதிரி போனைத் தடவிக்கொண்டு போகிறான். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, அதற்குக்கூட வாய் வலிக்கிறது. தேஹு ரோடு பட்டாளத்து டிப்போவில் நான் சாமான் பெட்டி கட்டிய காலத்தில் ஆபீசருக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டால் திட்டியாவது பதில் வரும். இப்போது அதுவும் கிடையாது. என் மகள் சந்திரிகா பதிலுக்குக் காத்துக் காத்துத்தான் கடைசியில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். கூட நானும் நின்றேன்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சந்திரிகா இங்கிலீஷ் டீச்சர். நாற்பது வயதில் நல்ல வேலையை உதறிவிட்டு இங்கிலீஷில் நாவல் எழுத உட்கார்ந்தாள். அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்? புத்தகம் போடுகிற கம்பெனிக்காரன் நேராக வாங்கமாட்டானாம், நடுவில் ஒரு ஏஜெண்ட் வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஏஜெண்ட் எல்லாம் வாடகைக்கு வீடு பிடித்துத் தருகிறவனும் துபாய்க்கு ஆள் அனுப்புகிறவனும்தான். இரண்டு பேரையும் வாசலோடு பேசி அனுப்பிவிடுவேன்.

"காசு எவ்வளவு கேக்கறான்?" என்றேன்.

"உண்மையான ஏஜெண்ட் முன்னாடி காசு வாங்க மாட்டாங்கப்பா. புக்கு வித்தாதான் கமிஷன்."

"காசு வாங்காம ஒருத்தன் வேலை செய்றான்னா வேற எதையோ வாங்கப் போறான்."

"நீ உருப்படியா ஒரு வார்த்தை சொல்லமாட்டியா?" என்று எழுந்து போய்விட்டாள்.

ஏஜெண்டுக்கு முதலில் ஒரு கடிதம், ஆரம்ப அத்தியாயங்கள் கொஞ்சம், அப்புறம் முழுக் கதையையும் சுருக்கி ஒரு பக்கத்தில். அந்த ஒரு பக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டுமாம். படிக்கிறவனிடம் மறைக்கலாம், ஏஜெண்டிடம் மறைக்கக் கூடாது. இவள் அதைத்தான் மறைத்தாள். மிச்சத்தைப் படித்தால் தெரியும் என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். பக்கத்து வீட்டு ஜெயசீலன் இங்கிலீஷ் படிப்பார். "புதுசா எழுத வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு இது" என்றார். அந்த நாவலைப் பற்றி அவரே இன்னொன்றும் சொன்னார்.

"அதுல வர்ற கிழவன் நீதான் துரைசாமி. பெட்டி கட்றது, பார்க்கறவன்கிட்ட எல்லாம் எரிஞ்சு விழறது, சாயங்காலமானா ரோட்டுல நடக்கறது. அப்படியே எழுதிருக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை எழுத என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா?

டில்லிக்கு அனுப்பினாள், பம்பாய்க்கு அனுப்பினாள். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இதுவும் ஆகலன்னா நான் அவ்ளோதான்பா" என்று ஒருநாள் சொன்னாள். அழுதிருந்தால் திட்டியிருப்பேன். அழாமல் சொன்னாள்.

அப்புறம்தான் அந்தப் பதில் வந்தது. ப்ரியம்வதா என்று ஒரு அம்மாள். வீடு இங்கேயே கட்கியில். காலையில் இவள் அனுப்பினாள், மத்தியானம் பதில். படித்துவிட்டேன், நேரில் வா, முடிவோடு வா. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

முடிவு என்றதும் எனக்குப் பரமசிவம் ஞாபகம் வந்தான். டிப்போவில் என்னோடு பெட்டி கட்டியவன், வீடு தாபோடியில். ரிடையரான பிறகு தன் சொந்தக் கதையையே புத்தகமாக எழுதினான். "ஏஜெண்ட் கெடைச்சாச்சு தொரை, முடிவு என்னன்னு கேக்கறாங்க, நேர்ல போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று போன சித்திரையில் சொன்னான். மறுநாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தான். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டக்கூட அங்கே ஒருத்தனுக்குத் தெரியவில்லை, எல்லாரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் துண்டின் ஓரத்தைக் கிழித்து நான்தான் கட்டினேன். பச்சைக் கரை போட்ட துண்டு. நுனியை உள்ளே மடித்துவிடுகிற டிப்போ முடிச்சு. அதை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும்.

தனியாகப் போகாதே என்றேன். "வர்றதுன்னா வா. ஆனா வாயத் திறக்காதே" என்றாள்.

லோக்கல் ரயில் பிடித்துக் கட்கியில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமே சாயங்காலம் மாதிரி இருட்டிவிட்டது. ஆட்டோக்காரன் தூங்குமூஞ்சி மரங்கள் மூடிய ஒரு சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு பங்களா. அவன் கேட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "யே தோ பந்த் ஹை, காகா" என்றான்.

"பூட்டிக் கிடக்குங்கறான்" என்றேன்.

"கதவு திறந்துதானே இருக்கு" என்றாள் சந்திரிகா. திறந்துதான் இருந்தது.

உள்ளே நனைந்த காகித வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, முந்தாநாள் போட்ட ரோஜா மாலையின் வாடை. முன் கூடத்தில் சுவரோரமாக நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆட்கள். மடியில் ஆளுக்கொரு காகிதக் கட்டு. ஒருத்தரும் பேசவில்லை, இருமவில்லை. இந்தக் காலத்தில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒருத்தன் கையில்கூடப் போன் இல்லை என்பதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

உள் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிற சத்தம். முதலில் நாக்கு விரலில் படுகிற 'ச்சு'. அப்புறம் தாள் புரளுகிற சத்தம். மறுபடியும் 'ச்சு'. எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"சந்திரிகா" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். அவள் புடவையைச் சரி செய்துகொண்டு, தன் காகிதக் கட்டோடு போனாள். "இங்கயே இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தேன். மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்து என் செருப்புச் சேற்றைத் தரையில் தேய்த்தேன். அப்போதுதான் பக்கத்து ஆளின் கால்கள் கண்ணில் பட்டன.

செருப்பில்லாத கால்கள். இரண்டும் ஒட்டியிருந்தன.

கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு துணி.

பச்சைக் கரை.

நுனியை உள்ளே மடித்துவிட்ட முடிச்சு.

நிமிர்ந்து பார்க்க எனக்கு வெகுநேரம் ஆனது.

"பரமு?" என்றேன்.

அவன் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "சொல்லிட்டேன் தொரை."

"என்னத்த?"

"முடிவ." மடியிலிருந்த காகிதக் கட்டை விரலால் தடவினான். "என் கதைதானே, நானே சொல்லிட்டேன். இப்போ படிச்சுட்டிருக்காங்க. இரு, பதில் சொல்றோம்னாங்க."

உள்ளே 'ச்சு' என்றது.

"உம் பொண்ணு யார் கதைய எழுதிருக்கா?"

"என் கதைன்னு சொல்றாங்க."

பரமசிவம் மெதுவாகத் தலையைக் குனிந்தான். என் கால்களைப் பார்த்தான்.

சுவரோரமாக இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். அறைக்குள் சந்திரிகா மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்தமுகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நாற்காலி. அதன் முதுகில் மடித்துப் போட்ட சால்வை. நாற்காலியில் ஆள் இல்லை.

தாள்கள் புரண்டுகொண்டிருந்தன. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஒவ்வொரு தாளின் மூலையும் முதலில் ஈரமானது. அப்புறம் எழும்பியது. அப்புறம் மறுபக்கம் விழுந்தது.

"முடிவு மட்டும் இன்னும் வரல மேடம்" என்று சந்திரிகா அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். "அது எப்படி வரும்னா..."

"சந்திரி, வாய மூடு" என்றேன்.

புரள்வது நின்றது. பாதி எழும்பிய தாள் அப்படியே நின்றது.

"இவர்தானா?"

அந்தக் குரல் என் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பொம்பளைக் குரல். மரியாதையான குரல்.

"ஆமா மேடம். எங்கப்பா" என்றாள் சந்திரிகா.

"இன்னும் நடமாடுகிறாரே."

ரோஜா மாலை வாடை என் மூக்குக்கு நேராக வந்தது. நான் மேஜைமேல் இருந்த காகிதக் கட்டை அள்ளினேன். கட்டைவிரலில் ஈரம் பட்டது, ஐஸ் மாதிரி. இன்னொரு கையால் மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கூடத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. எல்லாவற்றின் மேலும் தூசு. ஒன்றில் மட்டும் தூசு கலைந்திருந்தது. அது நான் உட்கார்ந்தது.

மழையில் நின்று அவள் கத்தினாள். பெற்ற அப்பனை இப்படியும் பேசலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"எத்தனை வருஷம் உக்காந்து எழுதினேன். ஒரே ஒருத்தங்க வா உக்காருன்னு சொன்னாங்க. அங்கயும் வந்து என் மானத்த வாங்கிட்டியே."

"அங்க ஆளே இல்லடி."

"வெள்ளைப் புடவை, கண்ணாடி போட்டுக்கிட்டு என் எதிர்லயே உக்காந்திருந்தாங்க. உனக்கு யாரத்தான் புடிச்சிருக்கு? எல்லாரும் திருடன், எல்லாரும் பொய்யன். அவங்க ஒருத்தங்கதான்பா எனக்குப் பதில் போட்டாங்க."

"உயிரோட இருக்கறவன் எவனும் போடலையே" என்றேன்.

லோக்கலில் வேறு பெட்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. சோற்றை வைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் நானாகப் போய்க் கேட்டேன்.

"அந்தக் கிழவன் கடைசியில என்ன ஆகறான்?"

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுதலையே. அதனாலதான் முடிவ யாருக்கும் அனுப்பல. நீதான் இன்னும் இருக்கியே, நான் என்னன்னு எழுதுவேன்?"

வேண்டுமென்று சொல்லவில்லை. கணக்கு டீச்சர் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அந்த அம்மா மறுபடி பேசினாளா?"

"தெனமும் மெயில் போடறாங்க. இந்த முடிவு வந்துடுச்சுன்னா என் புக்கை எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

அன்றிலிருந்து அந்தச் சத்தம் எங்கள் வீட்டிலும் கேட்கிறது. அவள் அறையில் பிரிண்ட் எடுத்து வைத்த தாள்கள் மேஜைமேல் இருக்கின்றன. அவள் சமையல்கட்டில் இருக்கும்போது கேட்கிறது, 'ச்சு' என்று. போய்ப் பார்த்தால் தாள்கள் மூலையில் நனைந்திருக்கின்றன. மழைக்காலம், ஓதம் அடிக்கிறது என்றாள் சந்திரிகா. அப்படித்தான் இருக்க வேண்டும். மேஜை ஜன்னலோரமாக இருக்கிறது.

இன்றைக்கு மத்தியானம் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தில் ஒரு தெளிவு.

"முடிச்சிட்டேன்பா" என்றாள். அவளாகப் பேசினாள்.

"என்ன ஆகறான்?"

"ஒண்ணும் ஆகல. சாயங்காலம் வழக்கம்போல நடக்கப் போறான். திரும்பி வரல. அவ்ளோதான்."

"விழுந்து கிழுந்து செத்தானா?"

"அதெல்லாம் சொல்லல. செருப்ப மாட்டிக்கிட்டுப் போறான்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னைக்கு நீ நடக்கப் போக வேணாம்பா. மழை வர்ற மாதிரி இருக்கு."

"அனுப்பிட்டியா அந்த அம்மாவுக்கு?"

பதில் சொல்லவில்லை. அவளும் இந்தக் காலத்து ஆள்தானே.

ஒரு பொம்பளை கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டாள் என்பதற்காக நான் டீ குடிக்கப் போகாமல் வீட்டில் உட்காரவா? இத்தனை வருஷமாக ஆர்டனன்ஸ் ரோட்டில் நடந்து போய் டீ குடித்துவிட்டு வருகிறேன், புயலிலும் போயிருக்கிறேன். கதை எழுதுகிறவள் சொன்னால் கால் நின்றுவிடுமா? அஞ்சாம் கிளாஸ் படித்த கையால் இதை எழுதி டிவி மேல் வைக்கிறேன். யாராவது கேட்டால் காட்டட்டும். இதற்காவது ஒரு பதில் இருக்கட்டும்.

செருப்பை மாட்டிக்கொண்டேன். இரண்டு கட்டைவிரலைச் சுற்றியும் சிவப்பாக ஒரு தடம் விழுந்திருக்கிறது, இறுக்கிக் கட்டின மாதிரி. புதுச் செருப்பு, வார் கடிக்கிறது. எட்டு வைத்தால் கால்கள் ஒன்றையொன்று இழுக்கிற மாதிரி இருக்கிறது. வயசாகிறது, வேறென்ன.

சந்திரிகா சமையல்கட்டில் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள், தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அவள் அறையில் 'ச்சு' என்றது. ஒரு தாள் புரண்டது.

கடைசித் தாளாக இருக்கும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் கிளம்புகிறேன்.