பச்சை பூசிய வில்

நாணைக் கழற்றி, இரண்டு முனையிலும் இருந்த சக்கரங்களைப் பிரித்து, துணி காயப்போடும் பால்கனியில் வெறும் கூடாகச் சாத்தி வைத்திருந்த வில்லின் பிடி அன்று காலையில் சூடாக இருந்தது.

வெயில்தான் என்று நினைத்தான் மனோகரன். பிறகுதான் வெளியே பார்த்தான். முந்தின நாள் பிடித்த மழை ஐயப்பன்தாங்கல் பணிமனையில் நின்ற பஸ்களின் மேல் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது. யாரோ வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் விட்டுப் போன மாதிரியான சூடு அது. உள்ளங்கை படும் இடத்தில் மட்டும். கொஞ்சம் ஈரத்தோடு.

கையைப் பனியனில் துடைத்துக்கொண்டான்.

வில் அவனுடையது இல்லை. ஜெகனுடையது. ஆவடிப் பக்கத்து வில்வித்தை கிளப் ஒன்றில் சனி ஞாயிறுகளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எய்தவர்கள். மனோகரன் திண்டுக்கல்லிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து இங்கே ஃபிளாட் வாங்கியவன். ஜெகன் நசரத்பேட்டையின் பழைய குடும்பத்துப் பிள்ளை. வயல்கள் மனைகளாவதற்கு முந்தியே அங்கே இருந்தவர்கள். தூக்கினால் கனமே தெரியாத அவனுடைய கார்பன் வில்லை மனோகரன் ரொம்ப நாளாக ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெங்களூர் சாலையில் லாரி மோதி ஜெகன் போனபோது வில்லும் முதுகுப் பையில் இருந்தது. வளைந்து கொடுக்கும் கீழ்த்தகட்டில் விரிசல். ஒரு சக்கரம் நசுங்கியிருந்தது. காரியம் முடிந்த அன்று ஜெகனின் அம்மா வடிவு அதைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்து மனோகரனின் மடியில் வைத்தாள்.

"ஒடஞ்சி கீது நைனா. உனுக்குதான் இத பத்தித் தெரியும். சரி பண்ணிக் குடு, செவுத்துல மாட்டி வெச்சிக்கிறேன்."

"பண்ணித் தர்றேம்மா," என்றான். அப்போது உண்மையாகத்தான் சொன்னான்.

அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டிருந்தது. பழைய வில்களைப் பிரித்து விற்கும் ஒருவனைத் தேடிப் பிடித்துத் தகடுகளை வரவழைத்தான். நசுங்காத சக்கரத்தை மாதிரியாகக் கொடுத்து மண்ணூர்பேட்டை லேத் ஒன்றில் ஜோடியைக் கடைந்து வாங்கினான். புதுத் தகடு இம்மி பிசகாமல் போய் உட்கார்ந்தபோது, இதையா சுவரில் மாட்டுவது என்று தோன்றிவிட்டது. அடுத்த முறை வடிவு போனில் கேட்டபோது, "பார்ட்ஸ் கிடைக்கலம்மா," என்று வாய் தானாகச் சொன்னது. காது மடல்கள் எரிந்தன.

மனைவி கனிமொழியிடம், அந்த அம்மாவே வில்லைத் தன்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

"எவ்வளவு பெரிய மனசு," என்றாள் அவள். அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தான்.

கிளப்பில் யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது. அதற்காகத்தான் பச்சை வண்ணம். ஜெகன் வெள்ளி மையால் தன் பெயரை எழுதி, 'ன்' எழுத்தின் புள்ளியை ஒரு குட்டி இலக்கு வட்டமாகப் போட்டிருந்தான். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மனோகரன் அதைத் தேய்த்தான். கன்னங்கரேலென்று குழம்பு வழிந்து விரல் இடுக்கில் ஏறி அரித்தது. தேய்க்கும்போது கதவைச் சாத்திக்கொண்டான். வீட்டில் யாருமில்லாத நேரத்திலும் சாத்திக்கொண்டான்.

பெயர் போனது. பச்சை அடித்துக் காயவைத்தான். காய்ந்த மறுநாள் பார்த்தால், பிடியில் மட்டும் வண்ணம் இளகிக் கிடந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வில் உட்காரும் அந்தப் பிறை வடிவம் அப்படியே பதிந்திருந்தது. தன் கையை வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. பதிந்திருந்த கை பெரியது.

மழைக்காலம், லேக்கர் பூச்சு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடி தேய்த்தான். மறுபடி அடித்தான். அந்த ராத்திரியிலிருந்து சத்தம். படுக்கையறை வரைக்கும் வந்தது. தகடுகள் வளையும் முனகல், பிறகு சக்கரம் உருண்டு இழுவையின் பாரம் குறையும்போது வரும் ஒரு மெத்தென்ற 'தொளக்'. ஜெகனின் வில் மட்டும்தான் அப்படி ஒலிக்கும். ஆனால் புது நாண் இன்னும் கவர் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் கிடந்தது. கனிமொழியை எழுப்பலாம். எழுப்பினால் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

அதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சக்கரங்களைப் பூட்டி, நாணேற்றி, அம்பு நேராக உட்காருகிறதா என்று பார்க்க ஒன்றைப் பொருத்தியும் வைத்தான். பச்சை வில் பால்கனிக் கொக்கியில் தொங்கியது. அழகாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் கனிமொழி காய்கறி வாங்கப் போனாள். மழை வலுத்தது. கரண்ட் போனது. கூடத்தின் இருட்டில் போன் ஒளிர்ந்தது. வடிவு.

இன்றோடு முடித்துவிட வேண்டும் என்று எடுத்தான். "அம்மா, அது ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. மொத்தமா ஒடச்சிக் குப்பைல போட்டுட்டாங்கம்மா."

"போவுது வுடு நைனா," என்றாள் வடிவு. "மனசுல வெச்சிக்காத. சரியாச்சின்னா உன்னியே வெச்சிக்கச் சொல்லலாம்னு நெனச்சிகினு இருந்தேன். உன் மேல அவனுக்கு அம்மாம் உசுரு."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்டிருந்தால் போதும்.

பால்கனியில் தகடுகள் முனகின. மெதுவாக, நீளமாக. பிறகு,

தொளக்.

"இன்னா சத்தம் நைனா அது?"

அவன் போனின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்தினான்.

"அது எங்க ஊட்டுப் பின்னால தெனமும் கேக்கற சத்தமாச்சே. அவன் நாண இஸ்கற சத்தம்." அவள் குரல் நடுங்கியது. "நைனா?"

"டிவிம்மா," என்றான்.

கரண்ட் இல்லாத வீட்டில். சொல்லிக்கொண்டே திரும்பினான்.

வில் கொக்கியில் இல்லை. பால்கனி வாசலில் நின்றது. ஆள் நெஞ்சு உயரத்தில், அந்தரத்தில். முழுதாக இழுபட்டு. நாண் பின்னால் போய்க் காற்றில் ஒரு புள்ளியில் மடங்கியிருந்தது. அதைப் பிடித்த கை இல்லை. அம்பு சமையலறைச் சுவரைப் பார்த்திருந்தது.

"ஜெகா," என்றாள் வடிவு. மனோகரனிடம் இல்லை. "கண்ணு... அங்கயா கீற?"

அம்பின் நுனி அசைந்தது.

சுவரை விட்டு. ஜன்னலைத் தாண்டி. குரல் வந்த பக்கமாக. அவன் காதுப் பக்கமாக.

போனைக் கீழே போட்டால் போதும். வில் என்கிட்டதாம்மா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறந்தது. வெட்கத்தில் மறுபடி மூடிக்கொண்டது. இப்போதும். இப்போதும்கூட. போனை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டான், அவள் குரல் வெளியே போகாதபடி.

மின்னல் வெட்டியது. இழுபட்ட நாணில் ஒரு சின்ன அழுந்தல் தெரிந்தது. எய்கிறவன் மூக்கு நுனி வந்து படும் இடம். மூச்சுக்கு மூச்சு அது இளகியது, அமுங்கியது, இளகியது.

"பேசு கண்ணு," என்றாள் வடிவு.

அழுந்தல் அசையாமல் நின்றது. மூச்சு அடங்கிவிட்டது, அம்பை விடும் முன் எய்கிறவன் அடக்குவது போல.