நாற்பத்தொன்றாவது ஆள்

பழைய கட்டடத்தின் கடைசி அறைதான் எங்கள் ஆய்வுக்கூடம். மூன்று நாற்காலி, ஒரு மேசை, சுவரில், மறுபக்கம் இருப்பவருக்கு மட்டும் உள்ளே தெரியும் ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் அக்கா உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிப்பாள். எங்களுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி. நாலு பேர் ஒதுக்கினால் ஒரு மனிதர் என்ன ஆவார் என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு.

எனக்கும் என் வகுப்புத் தோழன் சோடாபுட்டிக்கும் ஒரே வேலை. சோதனைக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்திருக்க வேண்டும். நிஜமாகவே வந்தவர் என்ன பேசினாலும் தலை நிமிரக் கூடாது. இருபது நிமிடம் கழித்து அக்கா வருவாள். "எல்லாம் நடிப்புங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவாள்.

நாற்பத்தொன்றாவதாக வந்த பெண்ணிடம் அக்கா அதைச் சொல்லவில்லை. பேராசிரியர் கூப்பிட்டார் என்று ஓடிவிட்டாள். அந்தப் பெண்ணின் கையெழுத்தையும் அக்காவே போட்டுக்கொண்டாள். நான்காம் நாள் அந்தப் பெண்ணின் உடல் ஆற்றில் மிதந்தது.

"வெளிய மூச்சு விட்டீங்க, என் அஞ்சு வருஷப் படிப்பு போச்சு" என்றாள் அக்கா. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். பழகிய வேலைதானே.

மறுவாரம், மாலை நான்கு மணி. கதவு திறந்தது. ஈரத்துணி வாடை. மூன்றாவது நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் பேசுறது கேக்குதா?"

விதிப்படி குனிந்தே இருந்தேன்.

"போன தடவையும் இப்படித்தான் இருந்தீங்க."

சோடாபுட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

அக்கா உள்ளே வந்தாள். "இன்னிக்கு ஆளே வரலையே. ஏன்டா பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

சொன்னோம். அவள் முகம் வெளுத்தது. காலி நாற்காலியைப் பார்த்து, "அது... சும்மா நடிப்பும்மா" என்றாள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"டேய், எந்திரிங்கடா, போயிடலாம்."

நிமிர்ந்தேன். அக்காவின் தோளுக்குப் பின்னால் அந்தப் பெண், தலைமுடி சொட்டச் சொட்ட நின்றாள். என்னைப் பார்த்து, கூடாது என்று தலையசைத்தாள்.

குனிந்துகொண்டேன். சோடாபுட்டியும்தான்.

"விளையாடாதீங்கடா!" அக்கா மேசையைத் தட்டினாள். கெஞ்சினாள். அழுதாள். எனக்கு உயிர்ப்பயம், நான் அசையவில்லை. சரியாக இருபது நிமிடத்தில் சத்தம் அடங்கியது. கதவு திறந்த ஓசையே கேட்கவில்லை. நிமிர்ந்தபோது நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

போலீஸ் அக்காவை இன்னும் தேடுகிறது.

நான் படிப்பை விட்டு வீட்டோடு இருக்கிறேன். தினமும் நான்கு மணிக்கு எதிர் நாற்காலி கிறீச்சிடும். நான் நிமிர்வதில்லை.

"நான் பேசுறது கேக்குதாடா?"