கொடுக்காத காது

டாக்டர் ஹென்னிங் துணியை விலக்கியபோது, மண்டையோடு ரகேலின் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது. மதியம் அவளேதான் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி மூடினாள். அதன்பின் அவள் அறையை விட்டு நகரவில்லை.

பல்கலைக்கழகத்தின் அந்த நிலவறையில், மருந்து நெடியையும் மீறி, தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ வெளியில் மழைக்குப் பின் கிளம்புகிற புக்கு மூலிகை இலையின் மணம், யாரோ பக்கத்தில் நின்று கசக்குவதுபோல மெல்ல மெல்லப் பரவியது.

எந்தக் காலத்திலோ யாரையும் கேட்காமல் தோண்டிக் கொண்டுவந்த எலும்புகள். இப்போதுதான் பல்கலைக்கழகத்தார் அனுமதி கேட்டார்கள். நாமா பழங்குடியின் ஊர்க்கூட்டம் ஆராய்ச்சிக்கு ஒரு பல் மட்டும் தந்தது. மற்றதெல்லாம் ஊருக்குத் திரும்பும்வரை தங்களில் ஒருத்தி கூடவே இருப்பாள் என்பது பேச்சு. அந்த ஒருத்தி ரகேல்.

"பல்லுல மரபணு ஒண்ணும் தேறலை அக்கா." ஹென்னிங் துளைக்கருவியில் புது முனையைப் பொருத்தினார். "காதெலும்புல கொஞ்சம் தூள் எடுத்துக்கறேன். கடுகளவுதான்."

"காது கிடையாதுன்னு அன்னைக்கே சொன்னோமே."

"ஆயிரம் வருஷத்துக் காது. இனிமே என்ன கேக்கப் போகுது?"

"புதைக்கறப்ப நாங்க கூப்பிடுவோம். காதுல விழுந்தாத்தான் வீடு வந்து சேருவா. தூள் வேணும்னா உங்க காதைக் குடைஞ்சுக்கோங்க."

அவர் சிரித்துக்கொண்டே கருவியை எடுத்தார். விளக்கு அணைந்தது. வழக்கமான மின்வெட்டு.

ரகேல் இருட்டில் எழுந்தாள். கதவு இடப்பக்கம். ஓடிவிடலாம். ஓடவில்லை. மேசையைத் தடவி, மண்டையோட்டின் இரு காதுக்குழிகளையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டாள். எலும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

"என் கையைத் தாண்டித் தொடுங்க பாக்கலாம்."



கருவி சுழன்றது.

மின்சாரம் இல்லை. சுழன்றது. எலும்பில் இறங்கும் கரகர ஓசை. அவள் கைகளில் அதிர்வே இல்லை.

நின்றது.

விளக்கு வந்தது. ஹென்னிங் அதே இடத்தில், அதே சிரிப்போடு நின்றிருந்தார்.

"டாக்டர்?"

அவர் அவளது உதடுகளை உற்றுப் பார்த்தார். "ஏன் அக்கா, சும்மா வாயை மட்டும் அசைக்கறீங்க?"

அவருடைய காதிலிருந்து வெள்ளைத் தூள், ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லாமல், தோளில் உதிர்ந்துகொண்டிருந்தது.

ரகேலின் உள்ளங்கைகளுக்குள் மண்டையோடு அவள் குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பியது. அவள் கையை எடுக்கவில்லை.