மணல்திட்டு வரை போகும் படகு

படகுத்துறைக்குப் போகும் தெருவில் இரண்டு பக்கமும் சவாரிக் கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு பலகை. எல்லாப் பலகையிலும் அதே நீலக் கடல், அதே வெள்ளை மணல், அதே மாதிரி பல்லைக் காட்டிச் சிரிக்கும் குடும்பம். காலை வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. டீசலும் ஈரக் கயிறும் கலந்த வாடை தெரு முழுக்க அடித்தது.

கண்ணாடிக்கடைக்காரர் ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் நின்று எழுத்து விடாமல் படித்தார். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்தே தலை நரைத்த மனிதர். எதையும் அவசரப்பட்டு முடிவு செய்து பழக்கமில்லை. அவர் மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். மின்சார அலுவலகத்தில் தொலைபேசிப் புகார் எடுக்கும் வேலை அவளுக்கு. முகம் தெரியாத குரல்களோடு பாதி ஆயுளைக் கழித்தவள். எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறந்ததுமே அவர் அழுதுவிட்டுப் பேசுகிறாரா, பொய் சொல்லப் போகிறாரா என்று சொல்லிவிடுவாள்.

ஊர் சுற்றும் ஆசை இருவருக்குமே இல்லை. அவருடைய தம்பிதான், "இப்படிச் சுவரப் பாத்துட்டே உக்காந்திருந்தா ரெண்டு பேரும் படுத்துடுவீங்க. போயிட்டு வாங்கண்ணே" என்று பிடிவாதமாக ரயில் ஏற்றிவிட்டிருந்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஸ்கூட்டரில் வேலைக்குப் போன மகள் திரும்பி வரவில்லை. ஒரே மகள். கல்யாணப் பேச்சு எடுத்தாலே சண்டைக்கு வருகிறவள். அவள் போன பிறகு அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதில்லை. 'இறந்துவிட்டாள்' என்ற சொல்லை அவர் இதுவரை வாயால் சொன்னதே இல்லை. யாராவது கேட்டால், 'அதுக்கப்புறம்' என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

"பெரிய படகுல போலாமா? நாலு தீவு. சாப்பாடு அவங்களே தர்றாங்க. கழிவறை இருக்கு, உனக்கும் வசதி."

"பாட்டு போடுவாங்க."

"அது போடுவாங்கதான்."

"வேணாங்க."

"அடியில கண்ணாடி வெச்ச படகு ஒண்ணு இருக்கு. உக்காந்த இடத்துலயே மீன் பாக்கலாமாம்."

"வருஷம் பூரா கண்ணாடியத்தான பாக்கறீங்க. இங்க வந்துமா?"

அது ஒரு கேலி. எத்தனையோ மாதம் கழித்து அவள் சொன்ன முதல் கேலி. அவருக்குச் சிரிக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் அவள் நடந்துவிட்டாள்.

தெருக்கோடியில் இருந்தது அந்தக் கடை. கடை என்றால் ஒரு மேசை, மேலே ஒரு தார்ப்பாய். அங்கே மாட்டியிருந்த படத்தில் குடும்பம் எதுவும் சிரிக்கவில்லை. நடுக்கடலில் வளைந்து கிடக்கும் ஒரு கீற்று மணல். வேறு ஒன்றுமே இல்லை.

"இது என்ன இடம்?" என்று அவள் கேட்டாள்.

"மணல்திட்டும்மா," என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த சீட்டுக்காரப் பெண். "தண்ணி வடிஞ்சா மேல வரும், ஏறினா உள்ள போயிடும். சின்னப் படகு. நாலஞ்சு பேருக்கு மேல ஏத்த மாட்டோம். மூணு தீவு பாத்துட்டுக் கடைசியா அங்க."

"சத்தம் இருக்காதே?"

"காத்து கூட இருக்காது."

"இதுலயே போலாங்க," என்றாள் அவள்.

சீட்டுக்காரப் பெண் சீட்டைக் கிழிக்கவில்லை. பேனாவை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. சமீபத்துல வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

அவர் நிமிர்ந்தார். "ஏன் கேக்கறீங்க?"

"துக்கத்துல இருக்கறவங்கள மணல்திட்டுக்குக் கூட்டிட்டுப் போறதில்ல சார். அப்படி இருந்தா பெரிய படகுல போயிடுங்க. அது அந்தப் பக்கமே போகாது."

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. எங்களுக்கு ஒரே பொண்ணு. வேலைக்குப் போறா. லீவு கிடைக்கல, அதான் நாங்க மட்டும்."

குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. சீட்டு கிழிந்தது. படகை நோக்கி நடக்கும்போது அவர் மெல்ல, "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றார்.

"ஒரே ஒரு நாள்ங்க," என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "ஒரு நாள் மட்டும் பொண்ணு இருக்கற அம்மாவா இருந்துட்டு வரேன்."



படகில் அவர்களோடு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் இருந்தது. அந்தப் பெண் கலகலப்பானவள். முதல் தீவு வருவதற்குள்ளேயே, "உங்களுக்குப் பசங்க இருக்காங்களா ஆன்ட்டி?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"பொண்ணு. பிசியோதெரபிஸ்ட். ஊர்ல இருக்கறவங்க முதுகையெல்லாம் நிமித்துவா, அவ மட்டும் வளைஞ்சு உக்காந்து போன் பாப்பா."

புதுப்பெண் சிரித்தாள். அவர் தயங்கினார். பிறகு அவரையும் அறியாமல் சொல்லிவிட்டார்: "வாய் அவங்கம்மா மாதிரி. ஒண்ணு சொன்னா ஒன்பது வரும்."

"ஆமா, கோபம் மட்டும் உங்கள மாதிரி."

வெயிலில் கடல் தகதகத்தது. இரண்டாவது தீவில் தென்னை நிழலில் உட்கார்ந்து அவர்கள் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். சாப்பிட மாட்டேன் என்கிறாள், துணியை மடித்து வைக்க மாட்டேன் என்கிறாள் என்று குறைபட்டுக்கொண்டார்கள். மனைவி கன்னத்தில் பழைய நிறம் கொஞ்சம் திரும்பியிருந்தது. இது பாவமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டார். அவருக்கும் அது இனிப்பாக இருந்தது.

மதியத்தில் மணல்திட்டு வந்தது.

படகுக்காரர் அவர்களை இறக்கிவிட்டார். தான் மட்டும் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தடதடக்கும் எஞ்சின் மேலேயே குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் கை தட்டினா உடனே வந்துடணும்," என்றார் திரும்பாமல்.

புது ஜோடி படம் எடுத்துக்கொண்டே திட்டின் மறுமுனைக்குப் போய்விட்டது. அவரும் மனைவியும் தண்ணீர் ஓரமாக நின்றார்கள். அலை இல்லை. பறவை இல்லை. கண்ணாடித் தகடு மாதிரி கிடந்தது கடல். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் கிடையாது.

முதலில் வந்தது ஒரு வாசனை.

மழை நனைத்த தார் ரோட்டின் வாசனை.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே மூச்சை இழுத்து முகர்ந்துகொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் சரியாகக் கேட்காதபோது அப்படித்தான் சாய்ப்பாள்.

"அம்மா."

தூரத்திலிருந்து அல்ல. தண்ணீரின் மேல் முழங்கால் உயரத்திலிருந்து, கைக்கெட்டும் தூரத்திலிருந்து வந்தது.

"அம்மா, என் ரெயின்கோட்ட எங்க வெச்ச?"

அன்று காலை வாசலில் நின்று மகள் கேட்ட கடைசிக் கேள்வி அது. அதே சலிப்பு. அதே அவசரம்.

 அவர் கால் மணலில் புதைந்துபோன மாதிரி நின்றார்.

"நீங்களாவது சொல்லுங்க, அப்பாவி."

சாதாரணமாக அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவரைச் சீண்ட வேண்டும் என்றால் 'அப்பாவி' என்பாள். உலகத்தில் வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இதோ வரேன்டா கண்ணு," என்றாள் மனைவி. "கொடியில காயுது. எடுத்துட்டு வரேன்."

அவள் நடந்தாள். முழங்கால் வரை தண்ணீர். தொடை வரை. அவர் பாய்ந்து போய் அவள் தோளைப் பிடிக்கும்போது இடுப்பு வரை ஏறியிருந்தது. அங்கே கடல் ஐஸ் மாதிரி குளிர்ந்தது.

"போகாத! அது நம்ம பாப்பா இல்ல!"

"தெரியுங்க."

அவள் குரல் நிதானமாக இருந்தது. அதுதான் அவரை நடுங்க வைத்தது.

"பேசறவங்க நடுவுல மூச்சு விடுவாங்க. இது விடல. எத்தன குரல் கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? இது அவ இல்ல."

"அப்புறம் ஏன் போற?"

"குரல் அவளோடதுங்க."

அவர் பிடி தளர்ந்தது. ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியில் அவருக்கும் அதே ஆசை வந்தது. இருவரும் கைகோத்து இப்படியே நடந்துவிட்டால் என்ன?

பின்னால் படகுக்காரர் கத்தினார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினார்.

"யாரையோ மறைச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க! யார் சார் செத்தது?"

அவர் மனைவியின் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"உயிரோட இருக்கான்னு நீங்க சொன்னதாலதான் அது வந்திருக்கு! செத்துட்டான்னு அதுகிட்டயே சொல்லுங்க! நான் சொன்னா கேக்காது! செத்துப்போன என் தம்பிகிட்டயே அத என்னால சொல்ல முடியல, அவன் குரல் கேக்கக் கூடாதுன்னுதான் நான் எஞ்சினை நிறுத்தாம உக்காந்திருக்கேன்!"

"வேணாங்க," என்று மனைவி கெஞ்சினாள். "அவகிட்ட அப்படிச் சொல்லாதீங்க."

தண்ணீர் அவள் மார்பைத் தொட்டது. அவள் நகரவே இல்லை. கடல்தான் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். 

"பாப்பா."

"என்னப்பா?"

எவ்வளவு சாதாரணமாகக் கேட்டது!

"நீ… நீ செத்துட்டம்மா."

எஞ்சின் சத்தம்கூட அந்த நேரத்தில் கேட்கவில்லை.

பிறகு, சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி சுருங்கி வந்தது அது.

"எப்பப்பா?"

"அன்னிக்குத்தான். மழையில."

"எனக்கு வலிச்சுதா?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னதை அவர் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

"இல்லடா," என்றார். "ஒண்ணுமே தெரியல உனக்கு."

 மழை வாசனை விலகியது. வெயில் சுரீரென்று தோளில் உறைத்தது. தண்ணீர் மறுபடி முழங்காலில் நின்றது. படகுக்காரர் கை தட்டிக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில் புதுப்பெண் எதுவும் கேட்கவில்லை. தன் துண்டை எடுத்து மனைவியின் தோளில் போர்த்திவிட்டுக் கணவனோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். கரை நெருங்கியபோதுதான் மனைவி பேசினாள்.

"ஏங்க அவகிட்ட சொன்னீங்க? பாவம், அவளுக்குத் தெரியாம இருந்துச்சு."

"நீ போயிருப்ப."

"போயிருப்பேன்."

ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஊர் திரும்பினார்கள். அவர் கடையைத் திறந்தார். அவள் வேலைக்குப் போய்க் காதில் தொலைபேசியை மாட்டிக்கொண்டாள். ஒருவர் தட்டில் ஒருவர் சோறு போட்டுக்கொண்டார்கள், பேச்சு மட்டும் இல்லை. மகளைத் தான் இரண்டாம் முறை கொன்றுவிட்டதாக அவருக்குத் தோன்றும். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அவர் கூடத்தில் படுத்திருந்தார். மனைவி குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் நின்றது. பிறகு அவள் பேச்சு கேட்டது. தாழ்ந்த, கொஞ்சலான பேச்சு. தங்கையோடு போனில் பேசுகிறாள் என்று நினைத்தார். எப்படியோ பேசத் தொடங்கினாளே என்று மனம் கொஞ்சம் லேசானது.

அவள் கைப்பேசி அவர் தலைமாட்டில் இருந்தது.

அவர் எழுந்து சத்தமில்லாமல் கதவருகே போனார்.

"இல்லடா கண்ணு," என்று உள்ளே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பா சும்மா சொன்னாரு. பதட்டத்துல சொல்லிட்டாரு. நீ அதையே நெனச்சுட்டு இருக்காத."

வாளி நிறைந்து வழிகிற சத்தம். குழாய் மூடியிருந்தது. ஆனால் வழிந்தது. கதவுக்கடியில் தண்ணீர் ஊர்ந்து வந்து அவர் பாதத்தைத் தொட்டது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

கதவைத் தட்டக் கையை ஓங்கினார். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரே வாக்கியம். ஒரு முறை சொன்னதுதான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

பிறகு அவர் மெதுவாக ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார்.

 அப்புறம், அவர் தலைக்குப் பின்னால், கதவின் அந்தப் பக்கம் மிக அருகிலிருந்து, மூச்சே இல்லாமல் அந்தக் குரல் வந்தது.

"அப்பா வெளியில உக்காந்திருக்காராம்மா?"

அதில் கோபமே இல்லை.