எட்டு நிமிடத்துக்குள்

இன்றைக்கும் வழக்கம்போல் மதியம் இரண்டு மணிக்குத்தான் வேலைக்குப் போனேன். அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறை. சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்க ஊர். ஆம்புலன்ஸ் புறப்பட்டால் அது போகிற பாதையில் சிக்னல்கள் தாமாகவே பச்சையாகும். எந்த மூலைக்கும் எட்டு நிமிடத்துக்குள் உதவி என்று எங்கள் மேலதிகாரி மேடைக்கு மேடை பீற்றிக்கொள்வார்.

அந்த எட்டு நிமிடத்தைக் காப்பாற்றியது நாங்கள். ஏழரை நிமிடமாகியும் வண்டி போய்ச் சேராவிட்டால், ‘சேர்ந்தது’ பொத்தானை நாங்களே அழுத்திவிடுவோம். அழுத்தியதும் சிக்னல்கள் பழையபடி மாறிவிடும். அதனாலென்ன, இன்னும் ஒரு நிமிடத்தில் போய்விடப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். மனசாட்சியா? அதெல்லாம் அந்த ஏசி குளிரில் எப்போதோ விறைத்துப்போயிருந்தது.

போன மாதம் ஒரு அம்மா கூப்பிட்டார். நெஞ்சுவலி. தனி ஆள். மூன்றாம் மாடி. ஏழரை நிமிடத்தில் அழுத்தினேன்.

“வண்டி வந்துடுச்சும்மா, கீழ வாங்க” என்றும் சொல்லித் தொலைத்தேன்.

மூன்று மாடியும் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் அவர் மூச்சு வாங்கியது என் காதில் விழுந்தது.

“தெருவுல யாருமே இல்லையேப்பா” என்றார். அதோடு அவர் மூச்சு நின்றது.

வண்டி சிவப்பு விளக்கில் மாட்டி, பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் போனது. பதிவில் ஏழரை. நான் வாயே திறக்கவில்லை. அந்த மாதம் எனக்குப் பாராட்டுக் கடிதம் வேறு கொடுத்தார்கள், வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இன்று மூன்று மணி சுமாருக்கு என் மனைவியின் எண் திரையில் வந்தது. வீட்டில் அவளும் எங்கள் ஐந்து வயது மகளும்தான்.

“பாப்பாவுக்கு மூச்சு இழுக்குதுங்க. உதடெல்லாம் நீலமாயிடுச்சு.”

உடனே வண்டியை அனுப்பினேன். சிக்னல்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பொத்தான் பக்கமே போகக்கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

நான்காவது நிமிடம்.

‘சேர்ந்தது’ என்றது திரை.

நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

அந்தக் குளிரிலும் பக்கத்தில் யாரோ வியர்த்து நிற்கிற வாடை அடித்தது. பச்சையெல்லாம் சிவப்பானது. மூடிய அழைப்பைத் திரும்பத் திறக்க வழியில்லை. புதிதாகப் பதியப் பார்த்தேன், திரை அசையவில்லை. டிரைவரைக் கூப்பிட்டேன்.

“எங்கண்ணே இருக்கீங்க?”

“பாலத்துக்கு இந்தப் பக்கம் தம்பி. சிக்னல் விழுந்துடுச்சு, ஒரு அடி நகர முடியல.”

இன்னொரு காதில் மனைவி. “அப்பாடா, வந்துட்டாங்க. பெல் அடிக்குது.”



“யாரு?” என்றேன்.

“ஒரு அம்மா. வண்டி கீழ நிக்குதாம். பாவம், படியேறி வந்ததுல அவங்களுக்கே மூச்சு வாங்குது.”

“கதவைச் சாத்துடி! குழந்தையைக் குடுக்காதே!”

“என்னங்க உளர்றீங்க? குடுத்துட்டேனே. சாவியை எடுத்துட்டு நானும் போறேன்.”

படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, நிதானமாக. அதன் பின்னால் என் மனைவியின் ஓட்டம்.

பிறகு அலறல்.

“வண்டி எங்கங்க? பாப்பா எங்கங்க?”

அவள் தெருவில் நின்று கத்துவதைக் கேட்டபடியே திரையைப் பார்த்தேன். எங்கள் தெருமுனை சிக்னல் பச்சையானது. அடுத்தது. அதற்கடுத்தது. கேமராவில் சாலை தெரிந்தது. பஸ்ஸும் லாரியும் பைக்கும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. நடுவில் எதுவுமே இல்லை. ஒன்றுமில்லாத அதற்கு ஊரே வழிவிட்டது. கடைசியில், ஊர் எல்லையில் இருக்கும் சிக்னலும் பச்சையானது.

ஹெட்போனில் புதிதாக ஒரு இணைப்பு திறந்தது.

“அப்பா.” துளியும் திணறல் இல்லாத குரல். “இறங்கணும்னு சொன்னாலும் இந்த ஆன்ட்டி விட மாட்டேங்கறாங்கப்பா.”